பதினான்காவது கேள்வி

எங்கள் வீட்டுக்கு வரும் எந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன். பள்ளிச் சேர்க்கை, மின் இணைப்பு, தம்பி மகளின் ஓட்டுநர் உரிமம் எல்லாமே என் கையெழுத்தில்தான் போயிருக்கின்றன. அடித்தல் திருத்தல் இருக்காது. முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சான்றிதழில் ஒரு சொல்லை அடித்து எழுதினாலும் மேலிடத்தில் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆகவே, மருத்துவமனை கொடுத்தனுப்பிய நான்கு பக்கப் படிவத்தையும் செவ்வாய் மாலையே நிரப்பி வைத்துவிட்டேன். நோயாளி அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நோயாளி என் தம்பி மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. முப்பது வயதாகியும் பெயர் மாறவில்லை, குணம் மாறினால்தானே? நகரப் பேருந்து ஓட்டுகிறாள். சென்ற மாதம் நிறையப் பயணிகளோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே அவள் சுருண்டதும், பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும், அறுவைக்குச் சம்மதிக்காமல் மூன்று வாரம் நான் முறுக்கிக்கொண்டு நின்றதும் வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். "நம்ம குடும்பம் கத்தி படாத குடும்பம்" என்பது என் வாதம். போன வாரம் அவள் குளியலறைச் சுவரைப் பிடித்தபடி, முகம் சுண்ணாம்பாய் வெளுத்து நின்றதைக் கண்ட பிறகு வாதத்தை விட்டேன்.

இன்று புதன். காலையில் மயக்க மருந்து டாக்டர். மாலையில் மருத்துவமனையில் அனுமதி. வியாழன் காலை எட்டு மணிக்கு அறுவை.

டாக்டர் இளம் பெண். படிவத்தைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு அழகான கையெழுத்துல ஃபார்ம் வந்ததே இல்ல. யார் எழுதினது?"

"எங்க பெரியப்பா" என்றாள் வாலு. "நான் பொறந்ததுக்கும் அவர்தான் ஃபார்ம் போட்டார். செத்தாலும் அவர்தான் போடுவார்."

"வாயை மூடு" என்றேன்.

"பார்த்தீங்களா டாக்டர்? உங்களுக்கு வேலையே இல்ல. இவர் ஒரு அதட்டு போட்டா நான் மயங்கிடுவேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். எழுதியதை மறுபடி கேட்பானேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆடுற பல், கட்டுன பல் ஏதாவது?"

"எல்லாம் கடிக்கிற பல்தான்."

"ஆஸ்துமா?"

"இல்லை" என்றேன் நான்.

"எதாவது அலர்ஜி?"

"டிப்போ மேனேஜர்" என்றாள் வாலு.

"பதினாலாவது. ரத்த சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஏதாவது ஆயிருக்கா? திடீர்னு காய்ச்சல், உடம்பு விறைக்கிறது, இறப்பு?"

"இல்லை" என்றேன். குரலில் வேண்டுமளவு கம்பீரம் இருந்தது. "கத்தி படாத குடும்பம், டாக்டர்."

"அப்பா எப்படி இறந்தார்?"

"காய்ச்சல்ல" என்றாள் வாலு. "எனக்கு அப்ப நாலு வயசு. வெளியூர்ல வேலை பாக்கப் போன இடத்துல."

டாக்டர் ஒரு டிக் போட்டாள். அத்தோடு நான் எழுந்திருக்க வேண்டும். பழைய பரிசோதகன் புத்தி விடவில்லை.

"அந்தக் கேள்வியை மட்டும் ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்டீங்க?"

"அது பரம்பரையா வர்ற விஷயம் சார். சில குடும்பத்துல சிலருக்கு, சில மயக்க மருந்து ஒத்துக்காது. மருந்து உள்ளே போனதும் உடம்பு கட்டையா விறைக்கும். நெருப்பா கொதிக்கும். மத்தபடி அவங்க நல்லா, திடகாத்திரமா இருப்பாங்க. மயக்க மருந்து கொடுக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னாடியே தெரிஞ்சா வேற மருந்து கொடுத்துடுவோம். தெரியாமக் கொடுத்தாத்தான் ஆபத்து."

கையில் குடை இருந்தது. கைப்பிடி ஈரமாகிவிட்டதை உணர்ந்தேன். வெளியே மழை இல்லை.

"நல்லவேளை, நமக்கு அந்தத் தொல்லை இல்ல" என்று சொல்லி, டாக்டர் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

நான் பேசவில்லை. பேச வேண்டிய இடம் அதுதான். குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வீடு திரும்பும் பேருந்தில் வாலு ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கியர் மாத்தச் சொன்னா மாவாட்டுறான் பாருங்க" என்று என் காதில் முணுமுணுத்தபடி வந்தாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இருபத்தாறு ஆண்டாக நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

என் தம்பி காய்ச்சலில் சாகவில்லை. வெளியூரிலும் சாகவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு மாலை அவனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. நான் கை ஓங்கினேன். ஒரே அடிதான். அவன் தாடை உடைந்தது. அன்று இரவே அவனை மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த வேறு ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இங்கே சேர்த்தால் நாளைக்குத் தெருவே பேசும். அங்கே கொடுத்த படிவத்தில் 'படியில் தவறி விழுந்தார்' என்று எழுதினேன். அதிலும் அடித்தல் திருத்தல் இல்லை.

மறுநாள் காலை தாடையைக் கம்பி வைத்துக் கட்ட உள்ளே கொண்டுபோனார்கள். அரைமணி நேரத்தில் ஆட்கள் பனிக்கட்டிப் பைகளோடு ஓடினார்கள். என்னைக் கூப்பிட்டு அவனைக் காட்டினார்கள். அவன் கையைத் தொட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போல் இருந்தது. விரலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. மத்தியானம் அவன் கதை முடிந்துவிட்டது.

அறுவையில் செத்தான் என்றால், எதற்கு அறுவை என்று கேட்பார்கள். தாடை உடைந்தது என்றால், யார் உடைத்தது என்று கேட்பார்கள். ஊருக்கு, வெளியூர் வேலையில் மூளைக் காய்ச்சல் என்றேன். வீட்டுக்கு, தாடை வீங்கி அதிலிருந்து காய்ச்சல் கண்டுவிட்டது, கத்தி வைக்கும் முன்பே போய்விட்டான் என்றேன். என் அடிதான் அவனைக் கொன்றது என்று அன்றிலிருந்து நான் நம்பினேன். அந்த விறைத்த விரல்களுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று இன்று காலைதான் ஒரு சின்னப் பெண் சொல்லிக் கேட்டேன்.

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் சிரித்துக்கொண்டிருந்தவளின் விரல்களைப் பார்த்தேன். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

வீட்டில் தம்பி மனைவி பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தையல்காரி. மகளின் மூன்று இரவு உடுப்புகளையும் முன்பக்கம் திறக்கிற மாதிரி பிரித்துத் தைத்து, கால்சட்டை இடுப்பில் இருந்த எலாஸ்டிக்கை உருவி மெல்லிய நாடா கோத்திருந்தாள்.

"வயித்துல நாலு ஓட்டை போடுவாங்களாம். இறுக்கமா எதுவும் படக்கூடாது" என்றாள் மகளிடம். "பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

நான் நான்கடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவள் எப்போதும் அப்படித்தான். என்னிடம் நேராகப் பேசமாட்டாள். எல்லாம் வாலு வழியாகத்தான். மூத்தவருக்குத் தரும் மரியாதை என்று அக்கம்பக்கம் மெச்சும். நானும் அப்படியே சொல்லிக்கொள்வேன்.

"பெரியப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்களாம். ரெண்டு பேருக்கு நடுவுல நான் ஒரு தபால் ஆபீஸ்" என்றபடி வாலு நகப்பூச்சை அழிக்கப் பஞ்சோடு உட்கார்ந்தாள். "நகத்துல கலர் இருக்கக் கூடாதாம். எனக்கு மூச்சு ஓடுதான்னு நகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவாங்களாம். ஆமா, அந்த சர்ஜனுக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கா? விசாரிச்சீங்களா?"

சிரிப்பு பாதியில் நின்றது. பஞ்சு ஒரே நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"பெரியப்பா."

"என்னம்மா?"

"எழுந்திருக்க மாட்டேனோன்னு ஒரு பயம். சும்மாதான். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே" என்றேன். "எல்லாம் சரியா எழுதிக் கொடுத்திருக்கு."

அவள் நம்பினாள். தலையைக்கூட ஆட்டினாள். என் கையெழுத்தை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. வாலு குளிக்கப் போயிருந்தாள். தம்பி மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"உங்க முகம் சரியில்ல."

யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரும் இல்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து தனியா வந்து நின்னீங்களே, அதே முகம்" என்றாள். "என்ன மறைக்கிறீங்க?"

இருபத்தாறு வருடம் கழித்து ஒரு பெண் நேருக்கு நேர் கேட்கிறாள். எனக்கு வந்த பதில் என்ன தெரியுமா?

"ஒண்ணுமில்ல. பை அடுக்கியாச்சா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான்கு மணிக்கு மருத்துவமனை. அறை ஐந்தாம் மாடியில். லிஃப்டில் ஏறியதும் என் கண் வழக்கம்போல் கதவுக்கு மேலே சான்றிதழைத் தேடியது. சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'குறை ஏதும் இல்லை' என்ற அச்சு வரி, அதன் கீழ் எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் கையெழுத்து. இரண்டாம் மாடியில் லிஃப்ட் ஒரு விரற்கடை குதித்து நின்றது. பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. ஒரு தாய் குழந்தையோடு ஏறினாள், அந்தக் கையெழுத்தை நம்பி.

பணியில் இருந்த காலத்தில் ஒரு விடுதி முதலாளி என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஒரு வாரம்தான், திருமணக் கூட்டம் முடியட்டும், பிறகு கயிற்றை மாற்றிவிடுகிறேன் என்றார். பூட்டி முத்திரை வைத்துவிட்டு வந்தேன். தெரிந்த குறையை மறைத்து நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இரும்புக் கயிற்றுக்கு இருந்த அந்த யோக்கியதை, என் தம்பி பெற்ற பிள்ளைக்கு என் கையால் கிடைக்கவில்லை.

ஐந்தாம் மாடியில் நர்ஸ் வாலுவின் மணிக்கட்டில் பட்டை கட்டினாள். "ராத்திரி பத்துக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. ரெண்டு மணிக்கு மேல தண்ணியும் கூடாது" என்றாள்.

"மயக்க மருந்து டாக்டர் எங்கே?" என்று கேட்டேன்.

"அவங்க டூட்டி அஞ்சு மணியோட முடியுது சார். காலையில தியேட்டர்லதான் பார்க்க முடியும்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம்.

லிஃப்ட் வரவில்லை. எழுபத்தொரு வயதில் ஐந்து மாடிப் படிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு படி தவறியது. ஒரு ஊழியர் "பெரியவரே, பார்த்து" என்று தோளைப் பிடித்தார். உதறிவிட்டு இறங்கினேன்.

தரைத்தளத்தில் டாக்டர் பையை மாட்டிக்கொண்டு தன் அறை வாசலில் நின்றாள்.

"அந்தப் படிவம்" என்றேன். மூச்சு வாங்கியது. "அதைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு திருத்தம் இருக்கு."

"உட்காருங்க சார், முதல்ல தண்ணி குடிங்க."

"படிவம்."

உள்ளே அழைத்துப்போய் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் பக்கம். என் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. பேனாவால் 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'உண்டு' என்று எழுதினேன். எழுத்து கோணிப் போயிற்று.

அவள் முகம் மாறியது. "யாருக்கு?"

"என் தம்பிக்கு. இவளோட அப்பாவுக்கு."

விறைத்த விரலைச் சொன்னேன். சூட்டைச் சொன்னேன். எந்த ஊர், எந்த வருடம், எந்த மருத்துவமனை என்று சொன்னேன். எதற்காக அறுவை என்று கேட்டாள். "தாடை உடைஞ்சது" என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

"அந்த அடியால சாகலையா டாக்டர் அவன்?" என்று கேட்டுவிட்டேன்.

"பழைய ரெக்கார்டு பார்க்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் மருந்துக்குத்தான் பொருந்துது." அவள் ஏற்கனவே போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேணாம். பழைய மருந்து கொஞ்சமும் தங்காம மயக்க மருந்து மெஷினையே அலசணும். வேற மருந்து, அப்புறம் ஒருவேளை ஏதாவது ஆனா அதுக்கு முறிவு மருந்து, எல்லாம் கையில இருக்கணும். வெள்ளிக்கிழமை காலையில முதல் ஆளா எடுத்துக்கறேன்." போனைக் காதில் வைத்தபடி என் பக்கம் திரும்பினாள். "காலையில சொல்லியிருக்கலாமே சார்."

எந்தப் பெரிய மனிதரும் என்னிடம் அந்தத் தொனியில் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்றேன். "வேற காரணம் ஏதாவது சொல்லுங்க. மெஷின் ரிப்பேர்னு சொல்லுங்க."

"அவங்க உடம்பு சார். நாளைக்கு வேற ஊர்ல, வேற ஆஸ்பத்திரியில அவங்களே வாயைத் திறந்து சொல்லத் தெரியணும். நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

ஆகவே மேலே ஏறினோம்.

டாக்டர் எளிமையாகத்தான் சொன்னாள். அப்பாவுக்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்றும், அதனால் அறுவை ஒரு நாள் தள்ளிப் போகிறது என்றும், இனி எங்கே போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினாள். அடிக்கடி தசை பிடிக்குமா என்று கேட்டு, வாலுவின் கைத் தசைகளை அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலில் வாலு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் அவள் அம்மா. கதவருகே நான்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துச்சா?" என்றாள் வாலு.

"கத்தி வைக்கலைன்னுதானே சொன்னீங்க" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. அவள் கை ஜன்னல் கம்பியைப் பற்றியது.

"நடந்துச்சு" என்றேன். "நான்தான் மறைச்சேன்."

"காய்ச்சல்னு சொன்னது?"

"பொய்."

"வெளியூர் வேலை?"

"அதுவும்."

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. "கத்தி படாத குடும்பம், கத்தி படாத குடும்பம்னு காலையிலகூடச் சொன்னீங்களே பெரியப்பா. அந்த டாக்டர் கையெழுத்து போடுறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்களே. நாளைக்கு எட்டு மணிக்கு என்னை உள்ளே அனுப்பிட்டு வெளியில குடையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"

 அவள் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஊர் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன ஆபரேஷன்?"

"தாடை."

"தாடை எப்படி உடைஞ்சது?"

'படியில் விழுந்தார்' என்ற வரி இன்னும் என் நாக்கில் தயாராக இருந்தது. அச்சுப் பிசகாமல் வந்திருக்கும்.

"நான் அடிச்சேன்" என்றேன்.

நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்து போனது. வாலு மணிக்கட்டுப் பட்டையைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

நான் வாயைத் திறந்தேன். அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன் என்று தம்பியின் உடல் அருகிலேயே முடிவு செய்திருந்தேன். இறந்தவனின் பெயர் அவன் மகளுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை பொய்யும். "கோபம்" என்றேன். "மூத்தவன் என்கிற திமிர். வேற ஒண்ணும் இல்ல. என் மேல தப்பு."

"பொய்" என்றாள் தம்பி மனைவி.

ஜன்னலை விட்டு வந்து மகளின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்து வெளியே போகத் திரும்பிய என்னைக் கையமர்த்தி நிறுத்தினாள்.

"நீங்களும் உட்காருங்க. இதை இவர் சொல்ல மாட்டார்டி, நான்தான் சொல்லணும்" என்றாள் மகளைப் பார்த்து. "அன்னைக்கு அந்தப் படியில முதல் அடி விழுந்தது உங்கப்பா மேல இல்ல, அவர் கையால என் மேல."